கொட்டகைக்காரருக்காக எழுதப்பட்ட கதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் அமெரிக்க மௌனப் படங்களைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இன்று ஒரு பிரதிகூட மிஞ்சாத படங்களின் கதைகளும் அதில், கட்டுரையாளர் நேரில் பார்த்து எழுதியவை போலவே விவரிக்கப்பட்டிருந்தன. அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதை ஒரு வரியிலாவது குறிப்பிட்டிருக்க வேண்டும் என்பதே என் குறை.

இத்தகைய கதைகள் பெரும்பாலும் அக்காலத்து வணிக இதழ்களிலிருந்து வருபவை. நியூயார்க்கில் 1907ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘மூவிங் பிக்சர் வேர்ல்ட்’ ரசிகர்களுக்கான பத்திரிகை அன்று, படக்கொட்டகை நடத்துபவர்களுக்கானது. ஐந்து சென்ட் கட்டணத்தில் நடந்த சிறு கொட்டகைகள் பலவற்றில் படங்கள் நாள்தோறும் மாறின. வாடகைக்கு வரும் படத்தை முன்கூட்டியே போட்டுப் பார்க்க உரிமையாளருக்கு வசதியும் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே எந்த நிறுவனத்தின் படம் எந்தக் கிழமை வெளியாகிறது, நீளம் எத்தனை அடி, நகைச்சுவையா சோகமா என்பதையெல்லாம் இதழைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார். 1910 வாக்கில், எடுத்துக்காட்டாக, பயோகிராஃப் நிறுவனத்தின் படங்கள் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் வெளியாயின. படம் என்பது அன்று பெரும்பாலும் 1000 அடிக்கு உட்பட்ட ஒரே ரீல். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் கதை பொடி எழுத்தில், முடிவு உட்பட, ஒரே பத்தியாக அச்சாகியிருக்கும். முடிவை மறைத்து வைப்பதால் யாருக்கும் பயனில்லை; கொட்டகைக்காரர் சரக்குப் பிடிக்க வந்தவரே தவிர ரசிக்க வந்தவர் அல்லர். பயோகிராஃப் படங்களின் சுருக்கங்களில் நடித்தவர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. அந்நாளில் நடிகர்களின் பெயரை வெளியிடுவதில்லை என்பதை அந்நிறுவனம் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தது.

இந்த இதழ்கள் தரும் தகவல்களில் படம் வெளியான நாள், நீளம், நிறுவனம் ஆகியவற்றைப் பெரும்பாலும் நம்பலாம்; வியாபாரம் அவற்றைக் கொண்டே நடந்தது. கதைச்சுருக்கம் அப்படியன்று. அது பெரும்பாலும் தயாரித்த நிறுவனமே எழுதி அனுப்பியது. திரையில் குழப்பமாக ஓடிய திருப்பம் சுருக்கத்தில் தெளிவாக இருக்கும். திரையில் ஓரிடத்திலும் காட்டப்படாத பாத்திரப் பெயர் அதில் இருக்கும். ஆகவே அது படம் என்ன காட்டியது என்பதற்கு அல்ல, தயாரிப்பாளர் என்ன விற்க நினைத்தார் என்பதற்கே நேரடிச் சான்று.

ஆனாலும் அதை ஒதுக்கிவிட முடியாது. 1912 ஆகஸ்டில் சட்டம் திருத்தப்படும் வரை அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்குத் தனி வகை இருக்கவில்லை. அதனால் படங்களைக் காகிதச் சுருளில் அச்சிட்டுப் புகைப்படங்களாகப் பதிவு செய்தார்கள். அந்தக் காகிதத்தின் தயவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் இருக்கின்றன. சட்டம் திருந்திய பிறகு, பதிவுக்காக வந்த, எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள் பிரதிகளை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தயாரிப்பாளர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுத்தில் வந்த கதை விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டது. திருந்தாத சட்டம் படத்தைக் காப்பாற்றியது, திருந்திய சட்டம் கதையைத்தான் காப்பாற்றியது என்பது வேடிக்கைதான். 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 முழுநீளப் படங்களில் 14 விழுக்காடே மூல வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன, 70 விழுக்காடு அடியோடு மறைந்துவிட்டன என்று அந்நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மறைந்தவற்றின் கதையை அறிய இந்தச் சுருக்கங்களை விட்டால் பெரிதாக வேறு வழியில்லை.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட இன்னொரு மூலமும் உண்டு. சிகாகோவிலிருந்து வந்த ‘எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்ட்’ 1916 முதல், படத்தை ஓட்டிய கொட்டகைக்காரர்களே எழுதும் குறிப்புகளை வெளியிட்டது. கூட்டம் வந்ததா, எங்கள் சிற்றூருக்கு இது ஏற்றதா, வந்த பிரதி கிழிந்திருந்ததா என்று இரண்டு மூன்று வரிகளில் வெடுக்கென்று சொல்லிவிடுவார்கள். நிறுவனம் உருகி உருகி வருணித்த கதையோடு இதைச் சேர்த்துப் படித்தால்தான் ஒரு படத்தின் உண்மை நிலவரம் பிடிபடும்.

வெறும் பட்டியலின் அருமையை உணர நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்ற மௌனப் படம் வெளியான ஆண்டை ஒருவர் 1916 என்கிறார், ஒருவர் 1917 என்கிறார், வேறொருவர் 1918 என்கிறார். படமும் இல்லை. கிழமை, தேதி, அடிக்கணக்கு போட்ட ஒரு வார இதழ் அன்று இங்கே இருந்திருந்தால் இந்த வழக்கே எழுந்திராது.

கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது, ஒவ்வொரு படத்தின் கதைக்கும் கீழே அது பிரதியைப் பார்த்து எழுதப்பட்டதா, நிறுவனத்தின் சுருக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதா என்று குறிப்பிடுமாறு கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். இதழின் பெயரும் தேதியும் சேர்ந்திருந்தால், அந்தப் பழைய இதழ்களில் பல இணையத்தில் இலவசமாகவே கிடைப்பதால், விரும்பும் வாசகர்கள் மூலத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்