ஸ்டாக்கிங் சொதப்பினா சாஃப்ட்வேரைத் திட்டாதீங்க

ஆசிரியர் சார், வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ஓரியன் நெபுலாவை (வானத்துல மங்கலாத் தெரியுற வாயு மேகம்) மொட்டை மாடியில இருந்தே போட்டோ எடுக்கலாம்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாதான் இருந்துச்சு, ஆனா நிறைய போட்டோ எடுத்து சாஃப்ட்வேர்ல போட்டா அதுவே ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒரே படமாத் தந்துடும், அதாவது ஸ்டாக்கிங் பண்ணிடும்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க பாருங்க, பாதிப் பேர் ட்ரைபாடை மடிச்சு பரண்ல போடுறதே அந்த இடத்துலதான்.

இப்படி அடுக்குற டீப்ஸ்கைஸ்டாக்கர் சாஃப்ட்வேரையே எடுத்துக்குவோம், இலவசம், முதல்ல எல்லாரும் அதைத்தான் இறக்குவாங்க. அறுபது ஃப்ரேம், அதாவது அறுபது போட்டோ கொடுத்தா அதுல ஒண்ணே ஒண்ணுதான் ஸ்டாக் ஆகும்னு மெசேஜ் வரும், உடனே லென்ஸ் சரியில்ல கேமரா சரியில்லன்னு புலம்ப ஆரம்பிச்சுடுவாங்க. ஒரு ஃப்ரேமை இன்னொண்ணு மேல பொருத்த அதுக்கு நட்சத்திரம்தான் அடையாளம், போதுமான நட்சத்திரம் கண்ணுல படலன்னா அது என்னதான் செய்யும்? நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்க ரெஜிஸ்டர் பண்ற இடத்துல ஸ்டார் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டுன்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, எவ்வளவு பளிச்னு இருந்தா நட்சத்திரம்னு எடுத்துக்கணும்கிற அளவு அது, அதைக் குறைச்சுட்டு எத்தனை நட்சத்திரம் எண்ணுதுன்னு பாருங்க. ரொம்பக் குறைச்சாலும் வம்பு, நாய்ஸ் புள்ளியை (சென்சார்ல தானா வர்ற பொய்ப் புள்ளி) எல்லாம் நட்சத்திரம்னு சேர்த்து ஆயிரக்கணக்குல காட்டும், அப்போ கொஞ்சம் ஏத்தணும்.

ஸ்லைடரைத் தொடுறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, ஃப்ரேமை ஒண்ணொண்ணா நூறு பர்சன்ட் ஜூம்ல பாக்குறது. போர்தான், ஆனா பாதிப் பிரச்சனை அங்கேயே தெரிஞ்சுடும். நட்சத்திரம் உருண்டையா இல்லாம கோடா இழுத்திருந்தா சாஃப்ட்வேர் அதை நட்சத்திரமாவே எடுத்துக்காது. வானம் நகர்றதுக்கு ஏத்த மாதிரி கேமராவைத் திருப்புற ட்ராக்கர் இல்லாதவங்க 500-ஐ லென்ஸோட ஃபோகல் லெங்த்தால வகுத்து எக்ஸ்போஷர் வைக்கிறாங்க, ஏபிஎஸ்சின்னு சொல்ற சின்ன சென்சார்னா ஃபோகல் லெங்த்தை முதல்ல 1.5-ஆல பெருக்கிக்கணும், 50 எம்எம் லென்ஸுக்கு ஆறரை செகண்டு சொச்சம்தான் வரும், 10 இல்ல. அதுவே கொஞ்சம் தாராளம்தான். மேகம் வந்தது, ஆடினது, லென்ஸ்ல பனி படிஞ்சதுன்னு கெட்ட ஃப்ரேமை எல்லாம் ஈவு இரக்கமில்லாம தூக்கிடுங்க. சாட்டிலைட் கோடு போட்டது மட்டும் இருக்கட்டும், ஃப்ரேம் நிறைய இருந்து மத்த ஃப்ரேம்ல இருந்து ரொம்ப விலகி நிக்கிற புள்ளியைத் தள்ளிடுற கப்பா சிக்மா முறையில சேர்த்தா அந்தக் கோடு தானா போயிடும், வெறும் ஆவரேஜ்ல வச்சா நிக்கும்.

அடுத்து டார்க்ஸ், சென்சாரோட குறையைக் கழிக்க எடுக்குற இருட்டுப் படம். லென்ஸை மூடிட்டு அதே ஐஎஸ்ஓ, அதே எக்ஸ்போஷர், அதே வெப்பநிலையில எடுக்கணும், இந்தக் கடைசி விஷயத்துலதான் நம்ம ஊர் ஆளுங்க மாட்டுறாங்க. ராத்திரி மாடியில புழுக்கத்துல லைட்ஸ், அதாவது வானப் படத்தை எடுத்துட்டு, டார்க்ஸை கீழ ஏசி ரூம்ல வந்து எடுத்தா சென்சார் சூடு மாறிடுது, ஹாட் பிக்ஸல் (சூட்டுல தானா மின்னுற புள்ளி) சரியாக் கழியாம சிவப்பு நீலப் புள்ளியா மிஞ்சி நிக்குது. மாடியில இருக்கும்போதே மூடியைப் போட்டு எடுத்துட்டு இறங்குங்க.

ஃபிளாட்ஸ், அதாவது ஒரே சீரான வெளிச்சத்தைப் பாத்து எடுக்குற படம், அதை எடுக்காம விட்டா மூலையெல்லாம் கருத்து, தூசி விழுந்த இடம் மெதுவடை மாதிரி வட்டம் வட்டமாத் தெரியும். சரின்னு ஃபோகஸைத் தொட்டுட்டு, இல்ல கேமராவைக் கழட்டித் திருப்பி மாட்டிட்டு எடுத்தா அந்த வட்டம் போகாது, பக்கத்துலயே இன்னொண்ணு புதுசா வரும். பயஸ், அதாவது மூடியைப் போட்டு ரொம்பக் குறைஞ்ச எக்ஸ்போஷர்ல எடுக்குற படம், அதைச் சேர்க்காம விட்டா ஃபிளாட் திருத்துறது சரியா வராம போகலாம்.

படம் முழுக்க ஒரே பக்கமா சாய்வா கோடு கோடா வருதுன்னு நிறையப் பேர் கேக்குறாங்க, அது வாக்கிங் நாய்ஸ். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வானம் ஒரே திசையில மெல்ல நகர, சென்சாரோட குறை மட்டும் அங்கேயே நிக்கிறதால வர்றது. சில ஃப்ரேமுக்கு ஒருதரம் கேமராவை இஷ்டத்துக்குக் கொஞ்சம் நகர்த்திடணும், இதைத்தான் டிதரிங்னு சொல்றாங்க. எடுத்து முடிச்ச பிறகு இதுக்குப் பெருசா வைத்தியம் கிடையாது.

எல்லாம் முடிஞ்சு வர்ற படம் கருப்பா, கலரே இல்லாம இருக்கும், ஸ்டாக் ஃபெயில்னு நினைச்சு டெலீட் பண்ணிடாதீங்க. அது வெளிச்சத்தை ஏத்தாம அப்படியே வச்சிருக்குற 32 பிட் லீனியர் ஃபைல், நெபுலா உள்ளதான் இருக்கு, சிரில் மாதிரி ஒரு சாஃப்ட்வேர்ல திறந்து ஸ்ட்ரெச் பண்ணா, அதாவது மங்கின பகுதியை வெளிச்சமாக்கினா வெளிய வரும். நட்சத்திரம் நேரா இருந்து முன்னாடி இருக்குற தென்னை மரம் மட்டும் குழம்பியிருந்தா அதுவும் கோளாறு இல்ல, வானத்தைப் பொருத்தினா மரம் இழுக்கத்தான் செய்யும், சீக்வேட்டர்ங்கற இன்னொரு ஸ்டாக்கிங் சாஃப்ட்வேர்ல தரையை உறைய வைக்கிற ஆப்ஷன் இருக்கு.

இன்னொண்ணு, நூறு எடு இருநூறு எடுன்னு கட்டுரை சொல்ற எண்ணிக்கை மோகமும் வேண்டாம். நாய்ஸ் குறையறது எண்ணிக்கையோட வர்க்கமூலக் கணக்குல, 16 ஃப்ரேம்ல கால்வாசி ஆகும், அதை இன்னொரு மடங்கு பாதியாக்க 64 வேணும். கெட்ட ஃப்ரேமைச் சேர்த்து எண்ணிக்கையை ஏத்துறதுக்குப் பதிலா நல்ல 40 போதும்.

அடுத்த தடவை வாசகர் எடுத்த வானப் படம் போடும்போது கீழ எத்தனை ஃப்ரேம், எவ்வளவு எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ என்ன, டார்க்ஸ் ஃபிளாட்ஸ் போட்டாங்களான்னு ரெண்டு வரி சேர்த்துப் போடுங்க சார், புதுசா ஆரம்பிக்கிற பிள்ளைங்களுக்கு அதுதான் உதவும்.

இப்படிக்கு,
உங்க வாசகர்,
வாணியம்பாடி