பத்தாம் புத்தகத்தைத் தாண்டச் சொல்லாதீர்கள்: ‘வீல் ஆஃப் டைம்’ மூத்த வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மூத்த வாசகர்களே,

ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ என்ற மாயாஜால நாவல் தொடரைப் புதிதாகப் படிக்கும் யாராவது உங்களிடம் வந்து, “ஏழாவது முடித்துவிட்டேன், இனி எப்படி?” என்று கேட்டால் நீங்கள் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம். “இனிமேல் ஒரே இழுவை. பத்தாவதுக்கு மட்டும் கதைச்சுருக்கம் படித்துவிட்டு நேரே பதினொன்றுக்குப் போய்விடு.” இதற்கு ‘ஸ்லாக்’ என்று பெயர் வேறு வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து இந்த அறிவுரையை நிறுத்துங்கள்.

உங்கள் கோபம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. 1990 ஜனவரியில் முதல் புத்தகம். 1994 முடிவதற்குள் ஆறு வந்தாகிவிட்டது. அப்புறம்தான் வேகம் குறைந்தது: 1996, 1998, 2000. ஒன்பதாவதின் முடிவில், ஆண்களின் மந்திர சக்தியில் மூவாயிரம் வருஷத்துக்கு மேல் படிந்திருந்த நஞ்சைக் கதாநாயகன் ராண்ட் கழுவி எடுக்கிறான். அடுத்து என்ன என்று இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 2003 ஜனவரியில் பத்தாவதான ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’டைப் பிரித்தால் கதை முன்னால் நகராமல் பின்னால் போகிறது. ராண்ட் நஞ்சைக் கழுவிய அதே நாளில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று காட்டுகிறார் ஜோர்டன். சக்தியைக் கையாளத் தெரிந்தவர்கள் எல்லாம் தூரத்தில் ஏதோ பெரிதாக எரிவதை உணர்ந்து திகைக்கிறார்கள். நமக்கோ அது என்னவென்று முன்பே தெரியும். ராண்ட் சற்று நேரம் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறான். காசு கொடுத்து வாங்கியவருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் அந்த எரிச்சலில் எவ்வளவு புத்தகத்தினுடையது, எவ்வளவு காத்திருப்பினுடையது? ராண்டின் நண்பன் பெரினின் மனைவி ஃபெய்ல் கடத்தப்படுவது எட்டாவதின் கடைசியில், மீட்கப்படுவது பதினொன்றாவதில். அவளைப் பிரிந்த ஒவ்வொரு நாளுக்கும் பெரின் ஒரு தோல் வாரில் முடிச்சுப் போட்டுவைக்கிறான். அவனுக்கு அது நாள் கணக்கு. உங்களுக்கு 1998 முதல் 2005 வரை ஏழு வருஷம்! நானோ தொடர் முழுவதும் வெளியான பிறகு வந்தவன். ஒன்றை மூடியதும் அடுத்ததை எடுத்தேன். வாரப் பத்திரிகையில் தொடர்கதையை வாராவாரம் படித்தவரும், அதே கதையைப் பைண்டு செய்த தொகுப்பாகப் படித்தவரும் அதை ஒரே கதை என்று சொல்லவே மாட்டார்கள். இங்கேயும் அதுதான் நடக்கிறது. நம் சண்டையில் பாதி ரசனைச் சண்டையே இல்லை, தேதிச் சண்டை.

(புதியவர்கள் அடுத்த பத்தியைப் பார்க்க வேண்டாம்.)

சரி, பத்தாவதைத் தாண்டினால் எதை இழக்கிறோம்? சோ ஹபார் என்ற ஊருக்குப் பெரின் தானியம் வாங்கப் போகும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தானியமெல்லாம் வண்டு. செத்தவர்கள் நடமாடுகிறார்கள் என்ற பயத்தில் ஊரே அழுக்கும் கிலியுமாகக் கிடக்கிறது. வந்தவர்களோ வண்டைப் புடைத்து எடுத்துவிட்டுத் தானியத்தை வாங்குகிறார்கள். கடைசி யுத்தம் நெருங்குகிறது என்று பத்துப் புத்தகமாகச் சொன்னதைவிட அந்தத் தானியம் எனக்கு அதிகம் சொன்னது. அப்புறம், பிடிபட்ட எதிரி வாய் திறக்காதபோது பெரின் தன் கோடாலியால் அவன் கையை வெட்டுகிறானே, தான் என்னவாகிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்து அந்தக் கோடாலியையே விட்டெறிகிறானே, அது? துறைமுகச் சங்கிலியை உடையாப் பொருளாக மாற்றிவிட்டு, ராண்டின் ஊர்ப்பெண் எக்வீன் பிடிபடுவதும் இதே புத்தகத்தில்தான். மந்திர சக்தி கொண்ட பெண்களின் தலைமையிடமான வெள்ளைக் கோபுரத்துக்குள் அவள் அடுத்து நடத்தும் போராட்டத்துக்கு இதுதான் வாசல். இதையெல்லாம் சுருக்கத்தில் படி என்கிறீர்கள்.

இளவரசி எலெய்ன் சிம்மாசனத்துக்காகப் பிரபுக் குடும்பங்களின் ஆதரவைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் அத்தியாயங்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அங்கே நானும் கொட்டாவி விட்டேன்.

இன்னொரு விஷயத்தில் நீங்கள் புதியவர்கள் வாயை அடைக்கிறீர்கள். பெண் பாத்திரங்களைப் பற்றி யாராவது குறை சொன்னால், “பெண்கள் கையில் அதிகாரம் இருக்கும் உலகத்தை 1990-லேயே எழுதியவர்” என்று பாய்கிறீர்கள். எழுதினார், உண்மைதான். ஆனால் முக்கியப் பெண் பாத்திரங்களில் ஒருத்தியான நைனீவ் எத்தனை தடவைதான் சடையை இழுப்பாள்? எந்த நாட்டுப் பெண்ணானாலும் ஆண்களைப் பற்றி அதே தொனியில் அலுத்துக்கொள்வது படிக்கிறவர் கண்ணில் படாதா? தொடர் பிடித்தவர்களுக்கும் அது உறுத்தலாம். அவர்களைப் பேசவிடுங்கள்.

சாண்டர்சன் விவகாரம் முடிகிற மாதிரி தெரியவில்லை. 2007 செப்டம்பரில் ஜோர்டன் இறந்தார். அவருடைய மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல், தொடரை எழுதி முடிக்கப் பிராண்டன் சாண்டர்சன் என்ற எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார். கடைசிப் புத்தகம் என்று நினைத்தது மூன்றாகி 2013 ஜனவரியில் நிறைவடைந்தது. ராண்டின் இன்னொரு நண்பனான மாட் பேசும் விதம் முதலில் சரியாக அமையவில்லை என்று சாண்டர்சனே ஒப்புக்கொண்டிருக்கிறார், இன்னும் என்ன வேண்டும்? வேகம் பிடித்தவர்களுக்கு அவர் பிடிக்கிறது, ஜோர்டனின் நிதானத்துக்குப் பழகியவர்களுக்கு உதைக்கிறது. எனக்கு ஜோர்டன்தான். அதற்காக மற்றவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்று எழுத மாட்டேன். உங்களில் சிலர் எழுதுகிறீர்கள்.

2021-இல் தொடங்கிய அமேசான் தொடர் மூன்று சீசனோடு 2025-இல் நின்றுவிட்டது. மீதிக் கதை தெரிய வேண்டுமென்று அங்கிருந்து சிலர் புத்தகத்துக்கு வருகிறார்கள். முதல் எபிசோடில் பார்த்த பெரினின் மனைவி (ஃபெய்ல் இல்லை, திரைக்காகச் சேர்த்தவள்) எங்கே என்று தேடுவார்கள், சிரிக்காதீர்கள். ஏழாவதை முடித்துவிட்டு உங்களிடம் வந்தால் இவ்வளவு சொன்னால் போதும்: “எட்டாவதில் மாட் வரவே மாட்டான், பயப்படாதே. ஒன்பதையும் பத்தையும் இடைவெளி விடாமல் படி, பத்தாவதில் நாள் பின்னால் போகும். நான் படித்தது இந்த வருஷங்களில், இவ்வளவு காத்திருந்து. பிடிக்கவில்லையென்றால் வந்து சொல், சேர்ந்து திட்டலாம்.”

இப்படிக்கு,
பத்தாவதை முழுசாகப் படித்த ஒரு வாசகன்