பட்டியலில் இருக்கும் ஊர்

மேட்டூர் அணை

கண்ணு,

போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்ல வரவில்லை. நடுவில் உங்கம்மா வேறு பிடுங்கிக்கொண்டு சாப்பாட்டை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன். இமாச்சலத்தில் உங்கள் அணை நிரம்பினால் மூழ்கும் ஊர்களின் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை உன் கைக்கு வந்திருக்கிறது என்றாய். பெருமையாகத்தான் இருந்தது. கூடவே என் அப்பாரு நினைப்பும் வந்துவிட்டது.

இங்கே 1925-ல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்டில் அணையைத் திறந்தார்கள். கவர்னர் ஸ்டான்லி பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். அப்பாரு அப்போது இளவட்டம். ஊர் மூழ்கப்போகிறது என்று கதவு, நிலை, உத்தரம் எல்லாவற்றையும் பெயர்த்து வண்டியில் ஏற்றி மேட்டுக்கு வந்தார்களாம். "கெணத்த மட்டும் பேக்க முடியல" என்று சொல்லிச் சிரிப்பார். நம் வீட்டு வாசல் நிலை அங்கிருந்து வந்ததுதான். மட்டம் நன்றாக இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்துக் கோபுரமும் வெளியே தெரியும். ஜனங்கள் போய் போட்டோ எடுப்பார்கள். அப்பாரு ஒரு தடவைகூட வந்ததில்லை.

இத்தனைக்கும் நான் சாப்பிட்டது அந்த அணைச் சோறு. சுரங்க மின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன்: டர்பைன் தண்ணீரைக் குடிப்பதில்லை, அதன் உயரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. 120 அடி நிற்கும்போது வருகிற மின்சாரம், அதே தண்ணீரை 60 அடியில் விட்டால் வராது. எங்களிடம் சுழன்ற தண்ணீரே கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று ஒவ்வொரு கதவணையிலும் மறுபடி மின்சாரம் கொடுத்துவிட்டுப் போகும். ஆனால் மேட்டூரில் கரண்டுக்காக என்று தண்ணீர் திறப்பது கிடையாது. பாசனத்துக்குத் திறந்தால்தான் எங்களுக்கு வேலை. 2024-ல் வழக்கப்படி ஜூன் 12-ந் தேதி பாசனத்துக்குத் திறக்க அணையில் தண்ணீர் இல்லை. கர்நாடகத்தில் கபினி அணையும் கே.ஆர்.எஸ். அணையும் வழிந்து வந்தபிறகு அதே வருஷம் ஜூலை முடிவதற்குள் முழு மட்டமான 120 அடியைத் தொட்டது. இரண்டையும் ஒரே வருஷத்தில் பார்த்தோம்.

பாசனம் என்றால் பெரும்பங்கு தஞ்சாவூர்ப் பக்கம். அதைக் குறை சொல்லவில்லை, அவர்கள் நெல்லைத்தானே நாமும் தின்கிறோம். ஆனால் நிலத்தைக் கொடுத்தது இந்தப் பக்கம். அணை நிரம்பினால் உபரி நீர் போகும் 16 கண் மதகில் வெள்ளம் கொட்டும், சில மைல் தள்ளி ஏரியில் கருவேலம் முளைத்துக் கிடக்கும். உபரி நீரைத் திப்பம்பட்டியில் பம்ப் வைத்து வறண்ட ஏரிகளுக்கு ஏற்றும் திட்டத்தின் முதல் கட்டத்தை 2021-ல்தான் திறந்தார்கள். எத்தனை வருஷம் ஆயிற்று என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அணையே கூடாது என்று சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. உன்னிடம் கேட்பது வேறு. பட்டியலில் பட்டா வைத்திருப்பவன் பெயர் தானாக வந்துவிடும். அப்பாருவுக்கும் ஏதோ பணம் கைக்கு வந்தது. குத்தகைக்கு உழுதவன், கூலிக்குப் போனவன், ஆற்றில் பரிசல் போட்டவன், இவர்கள் எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டார்கள். அப்பாருவிடம் பண்ணையத்துக்கு இருந்த குடும்பங்கள் எங்கே போயின என்று அவருக்கே தெரியாது. அதனால் ஆபீஸில் உட்கார்ந்து சரிபார்க்காதே. மலைப்பாதையாக இருந்தாலும் அந்த ஊருக்கு நேரே போ. வீட்டுக்குள் கூப்பிட்டால் போய் உட்கார். குடியேற்றப்போகும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று நீயே பார். மேலதிகாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அம்மா பருப்புப்பொடியும் எள்ளுப்பொடியும் பார்சல் போட்டிருக்கிறாள். ஆடிப் பதினெட்டுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்கச் சொன்னாள். முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கிறதாக வேண்டுதலாம், என்ன வேண்டுதல் என்று என்னிடம் சொல்லவில்லை.

அப்பா