ஃபால்ட்டை லாக்கோடு விட்டுவிடாதே

மாப்ளே,

நலம்தானே? பொங்கலுக்கு வராமல் டிமிக்கி கொடுத்துவிட்டாய், அம்மா இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். நம் நண்பன் மொட்டைக்கு இரண்டாவதும் பெண் குழந்தை. நம் கூட்டத்துத் ‘தாத்தா’ வழக்கம்போல எல்லாரையும் திட்டிவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேமரா ஃபிளாஷ் விளக்கை இயக்க லினக்ஸுக்கு நீ எழுதும் எல்இடி ட்ரைவரில் ஃபால்ட் (பழுது) வந்தால், கெர்னல் லாக்கில், அதாவது லினக்ஸின் மையப்பகுதி எழுதிவைக்கும் பதிவேட்டில், ஒரு வரி போட்டால் போதாதா என்று கேட்டிருந்தாய். போதாதுடா. போன வாரம் எங்கள் டேட்டாபேஸ் சர்வர் ஒன்று நடுராத்திரியில் பேனிக் ஆகி, அதாவது கெர்னலே கைவிரித்து, நின்றுவிட்டது. ரேமில் திருத்த முடியாத பிழை. சர்வர்களில் இருக்கும், பிழை திருத்தும் ஈசிசி ரேம் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் கூடுதலாக வைத்துக்கொண்டு ஒரு பிட் கெட்டால் சத்தமில்லாமல் சரிசெய்துவிடும். இரண்டு கெட்டால் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். பழைய லாக்கைப் புரட்டினால், திருத்திய பிழைகள் வாரக்கணக்கில் வரிவரியாகக் கிடந்தன. கூகுள் சர்வர்களை வைத்து 2009-இல் வந்த ஆய்விலேயே இருக்கிறது: வருஷத்துக்கு நூற்றுக்கு எட்டு ரேமுக்கு மேல் பிழை காட்டுகிறது, திருத்திய பிழை வந்த ரேமில் திருத்த முடியாதது வரும் வாய்ப்பு பல மடங்கு. அதாவது நமக்கு முன்னெச்சரிக்கை வந்துவிட்டது, லாக்கில் புதைந்து கிடந்தது.

இன்னொன்று. பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு டேட்டா சென்டர் பையன் போனில் "சார், எந்த ஸ்லாட்?" என்கிறான். ரேம் பிழைகளைக் கண்காணிக்கும் லினக்ஸின் எடாக் (EDAC) ட்ரைவர் எனக்குச் சொல்வதோ கன்ட்ரோலர் 0, சேனல் 1, டிம் (ரேம் அட்டை) 0. போர்டில் அச்சடித்திருக்கும் பெயர் வேறு. எடாக்கில் ஒவ்வொரு டிம்முக்கும் நாமே பெயர் எழுத ஒரு லேபிள் கோப்பு இருக்கிறது, இப்போது எல்லாப் பெட்டியிலும் எழுதிவிட்டோம். பழுதைச் சொன்னால், எதைக் கழற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் மாப்ளே. அப்போதுதான் அது தகவல்.

அதனால்தான் கெஞ்சுகிறேன். லாக் சுழன்று அழிந்துவிடும். அடுத்த வெர்ஷனில் யாராவது வாக்கியத்தை மாற்றினால் அதைத் தேடும் ஸ்கிரிப்ட் செத்துவிடும். ஃபிளாஷ் ட்ரைவர்களுக்கென்று கெர்னலில் இருக்கும் பொது அமைப்பான எல்இடி ஃபிளாஷ் கிளாஸில், ஃபால்ட்டுக்கென்றே சிஸ்எஃப்எஸ் (கெர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) கோப்பு ஒன்று இருக்கிறது: ஓவர்வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட், டைம்அவுட் என்று ஒவ்வொன்றுக்கும் வார்த்தை முடிவாகிவிட்டது. அதையே பயன்படுத்து, புதிதாக எதையும் கண்டுபிடிக்காதே. சூடு, மின்விசிறி சென்சார்களைக் கவனிக்கும் கெர்னல் பகுதியான ஹெச்டபிள்யூமானில் (hwmon) பார், சூடு எல்லை தாண்டினால் அலாரம், சென்சாரே போனால் ஃபால்ட், இரண்டும் தனித்தனிக் கோப்பு. இப்படிப் பிரித்து வைத்தால்தான் பார்க்கிறவனுக்கு மின்விசிறியை மாற்றுவதா, சென்சாரை மாற்றுவதா என்று தெரியும்.

அப்புறம், உன் ஃபிளாஷ் சிப்பின் டேட்டாஷீட்டை (விவரக் கையேட்டை) ஒருமுறை நன்றாகப் பார். பல சிப்களில், பழுதைக் குறித்துவைக்கும் ஃபால்ட் ரெஜிஸ்டரைப் படித்தாலே அதிலிருக்கும் குறிப்பு அழிந்துவிடும். முதலில் படித்தது ஒரு கண்காணிப்பு ஸ்கிரிப்ட் என்றால், கேமரா ஆப்புக்கு எல்லாம் நல்லபடியாக இருப்பதாகவே தெரியும். படித்ததை ட்ரைவருக்குள் பிடித்து வை, அடுத்த ஃபிளாஷ் அடிக்கும்போது புதிதாகப் பார்த்துக்கொள்.

பேட்சின் (கெர்னலுக்கு அனுப்பும் கோட் மாற்றத்தின்) முதல் வரைவை எனக்கு அனுப்பு, அன்றைக்கே படித்துவிடுகிறேன். மறக்காமல் அம்மாவுக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் ரூம்மேட்