தரையை உடைக்காமலும் குழாயைச் சரிசெய்யலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

செந்தூலில் நாங்கள் இருப்பது அறுபதுகளில் கட்டிய வரிசை வீடு. சென்ற தீபாவளிக்கு முதல் வாரம் கழிவறை நீர் மேலே ஏறிக் குசினிவரை வந்துவிட்டது. முதலில் வந்த குத்தகையாளர், அடியில் போகும் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்யக் கூடத்துத் தரை முழுவதையும் வெட்ட வேண்டும் என்றார். மாமியார் ஐம்பது ஆண்டாகத் தேய்த்துப் பளபளக்க வைத்த சிவப்புச் சிமெண்டுத் தரை அது!

இரண்டாமவர் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். சுட்ட களிமண் குழாய். மூட்டுகளில் மாமர வேர். வேரை அறுத்து, அழுத்தமான நீரால் கழுவி, பிசினில் ஊறிய துணி உறையைக் காற்றழுத்தத்தால் உள்ளே செலுத்தி, சுடுநீரால் இறுக வைத்தார்கள். பழைய குழாய்க்குள்ளேயே மூட்டில்லாத புதுக் குழாய். லண்டனில் 1971இல் தொடங்கிய முறையாம். எனக்கு இப்போதுதான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் இது ஒத்துவராது. நீர் ஓடுவதற்கான சரிவு கெட்டுத் தொய்ந்த குழாயில் உறை போட்டாலும் தொய்வு அப்படியே இருக்கும், தோண்டத்தான் வேண்டும். துருவேறிய அரை அங்குல இரும்புக் குடிநீர்க் குழாய்க்கு, சுவரோரமாகப் புதுப் பிளாஸ்டிக் குழாய் இழுப்பதே மேல்.

வீட்டிலிருந்து பொதுக் கழிவுநீர்க் குழாய்வரை உள்ள இணைப்பு வீட்டுக்காரர் பொறுப்பு என்பது பலருக்குத் தெரிவதில்லை. கேமராப் பதிவைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். பழைய குடியிருப்புகளில் இதுபற்றித் தமிழிலும் விளக்கக் கூட்டம் நடத்தினால் நல்லது.

எங்கள் வீட்டு வேலை ஒரே நாளில் முடிந்தது. மாமரத்தை மட்டும் மாமியார் வெட்ட விடவில்லை.

செந்தூல் வாசகி,
கோலாலம்பூர்