எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள்

தாவரச் செல் வளர்ப்பு ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் நல்கைக் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் மேசைக்கு வரும் இறுதி அறிக்கைகளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும்: ‘மருந்துப்பொருளின் அளவு நான்கு மடங்கு உயர்ந்தது.’ செடியின் செல்களைத் தனியே ஃபிளாஸ்க்கில் வளர்த்து மருந்துப்பொருள் எடுக்க முயலும், அந்த வரி பிறக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்ப்பவள் நான். கேலஸை (செடித் துண்டிலிருந்து வளரும் செல் திரளை) பிரித்து வைப்பது, ஃபிளாஸ்க்குகளை ஷேக்கர் என்ற குலுக்கும் கருவியில் ஏற்றுவது, வடிகட்டி உலர்த்தி எடை பார்ப்பது எல்லாம் என் அன்றாடம். அந்த வரியை இனி அப்படியே ஏற்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எதுவும் சேர்க்காத ஃபிளாஸ்க்கில் 14 நாளில் லிட்டருக்கு 10 கிராம் உலர்ந்த செல், கிராமுக்கு 0.2 மில்லிகிராம் மருந்துப்பொருள். இன்னொன்றில் மீதைல் ஜாஸ்மோனேட் என்ற தூண்டுபொருளைச் சேர்க்கிறோம், கிராமுக்கு 0.8 மில்லிகிராம் வருகிறது. நான்கு மடங்கு, கட்டுரை தயார். ஆனால் அதில் செல்கள் 6 கிராமுக்கு மேல் வளரவில்லை. லிட்டர் கணக்கில் 2 மில்லிகிராம் 4.8 ஆகியிருக்கிறது, அதாவது 2.4 மடங்கு. அதற்கு 28 நாள் பிடித்திருந்தால், ஒரு நாளைக்கு லிட்டருக்கு எவ்வளவு என்று பார்க்கும்போது மிஞ்சுவது 1.2 மடங்கு. மூன்று எண்ணும் ஒரே ஃபிளாஸ்க்கின் எண்கள்தாம். தலைப்பில் எது ஏறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, செடியின் இயல்பே அப்படி. பூச்சி கடித்தாலோ பூஞ்சை தொற்றினாலோ செடிக்குள் சுரக்கும் அபாய அறிவிப்புதான் ஜாஸ்மோனேட். அதை, செல்கள் வளரும் சத்துக் கரைசலான ஊடகத்தில் ஊற்றினால், தாக்குதல் வந்துவிட்டதென்று செல்கள் வளர்ச்சியை நிறுத்தித் தற்காப்புச் சரக்கைத் தயாரிக்கத் தொடங்கும். நமக்கு மருந்தாகும் ஆல்கலாய்டும் டெர்பீனும் பெரும்பாலும் அந்தச் சரக்குதான். சாலிசிலிக் அமிலம், கைட்டோசான், ஈஸ்ட் சாறு என்று எந்த எலிசிட்டரை (தூண்டுபொருளை) சேர்த்தாலும் கிட்டத்தட்ட இதே கதை. வளர்ச்சியும் உற்பத்தியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த இழுபறியை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்தத் துறையின் உண்மையான கேள்வி.

ஜப்பானில் மிட்சுயி பெட்ரோகெமிக்கல் நிறுவனம் 1983 வாக்கில் அதற்கு ஒரு வழி கண்டது. முராசாகி என்ற செடியின் வேரிலிருந்து கிடைக்கும் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயம் அங்கே காயத்துக்குப் பூசும் பழைய மருந்து. செடி சில ஆண்டுகள் வளர்ந்தாலும் வேரில் 1 முதல் 2 சதவீதம்தான் அது தேறும். அவர்கள் செல்களை முதலில் ஒரு கலனில் வெறுமனே பெருக்கினார்கள். பிறகு வேறு ஊடகம் உள்ள பெரிய கலனுக்கு மாற்றினார்கள். அம்மோனியம் ஷிகோனினைத் தடுக்கும் என்பதால் அது இல்லாத ஊடகம், தாமிரம் தூண்டும் என்பதால் தாமிரம் கூட, வெளிச்சமும் ஆகாதென்பதால் இருட்டு. மூன்று வாரம் சொச்சத்தில் செல்களின் உலர் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் ஷிகோனின் சேர்ந்தது. மருந்தைவிட உதட்டுச்சாயத்தால்தான் அது ஊருக்குத் தெரிந்தது என்பது வேறு விஷயம். வளர ஒரு கலன், விளைய ஒரு கலன் என்ற அந்த யோசனை நாற்பது ஆண்டுப் பழசு. ஆனாலும் இன்றைய திட்டங்களில் பல ஒரே ஃபிளாஸ்க்கில் முதல் நாளே எலிசிட்டரை ஊற்றிவிட்டு, வளர்ச்சி குறைந்ததை அட்டவணையின் கடைசி வரிசையில் ஒளித்து வைக்கின்றன.

டாக்ஸாலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்து, 1992இல் அமெரிக்காவில் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து. நூறாண்டு நின்ற ஒரு மரத்தின் பட்டை முழுவதையும் உரித்தால் ஏறத்தாழ ஒரு தடவைக்கான மருந்து கிடைக்கும். நம் இமயமலை யூ மரங்களும் அந்த வேட்டைக்குத் தப்பவில்லை. மரம் வெட்டாமல் செல் வளர்ப்பில் இதை எடுக்கும் முறைக்காக பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் 2004இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது பெற்றது. ஜெர்மனியில் ஃபைட்டான் நிறுவனம் 75,000 லிட்டர் வரையிலான கலன்களில் தாவரச் செல்களை வளர்க்கிறது. 250 மில்லி ஃபிளாஸ்க்கிலிருந்து அங்கே போகும் வழிதான் கடினம். தாவரச் செல் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியது. வேகமாகக் கலக்கினால் உடையும், மெதுவாகக் கலக்கினால் கட்டியாகி அடியில் தங்கி மூச்சுத் திணறும். ஃபிளாஸ்க்கில் கிடைத்த விளைச்சல் 5 லிட்டர் கலனிலேயே சரிவதுண்டு. அந்தச் சரிவு எந்த அறிக்கையில் வருகிறது, சொல்லுங்கள்?

எந்தச் செடி என்பதிலும் நீங்கள் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். செங்காந்தளைத் தாராபுரம், மூலனூர் பக்கத்து விவசாயிகள் பந்தல் போட்டு, பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்து விளைவிக்கிறார்கள். கீல்வாத மருந்தான கோல்ச்சிசின் அந்த விதையிலிருந்தே கிடைக்கிறது. அதைவிடக் குறைவாக கேலஸில் எடுத்துக்காட்ட எதற்குப் பொதுப்பணம்? நித்தியகல்யாணியின் விஷயம் இன்னும் சிக்கல். அதிலிருந்து எடுக்கும் புற்றுநோய் மருந்துகளில் 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை, 1 கிராம் வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 2,000 கிலோ வேண்டும் என்பதால் செல் வளர்ப்புக்கு ஏற்ற செடி என்றுதான் தோன்றும். ஆனால் வின்பிளாஸ்டினின் ஒரு பாதியான வின்டோலின் உருவாக வெளிச்சமும் இலையின் தனிவகைச் செல்களும் வேண்டும். அந்த வேறுபாடில்லாத, கரைசலில் மிதக்கவிட்டு வளர்க்கும் சஸ்பென்ஷன் செல்களில் மறுபாதியான காத்தரந்தின் வரும், வின்டோலின் அநேகமாக வராது. எத்தனை எலிசிட்டர் ஊற்றினாலும் இல்லாத வழி திறக்காது. 2022இல் டென்மார்க்கை மையமாகக் கொண்ட குழு இரண்டு பாதிகளையும் ஈஸ்ட்டில் தயாரித்துக் காட்டிவிட்டது. இதற்குப் பிறகும் பழைய பாணியில் வரும் முன்மொழிவுகளிடம் ‘வின்டோலின் எங்கே?’ என்று முதல் பக்கத்திலேயே கேளுங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நோத்தபோடைட்டிஸ் மரத்தின் கதை வேறு. புற்றுநோய் மருந்துகளுக்கு மூலப்பொருளான கேம்ப்டோதெசின் அதில் இருப்பதால் மரத்தையே வெட்டி, வேரோடு பெயர்த்துக்கொண்டு போகிறார்கள். மருந்துக்கொடியான கடலழிஞ்சிலுக்கும் வேரில்தான் விலை, வேர் போனால் செடி போயிற்று. வயலில் சுலபமாக வராத, எடுத்தால் அழிகிற இவற்றுக்குச் செல் வளர்ப்போ, அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவைக் கொண்டு உண்டாக்கும் மயிர்வேர் வளர்ப்போ நியாயமான முதலீடு. தென் கொரியாவில் ஜின்செங் வேர்களையே 10,000 லிட்டர் கலன்களில் வளர்க்கிறார்கள்.

இனி என்னைப் போன்றவர்களின் வயிற்றெரிச்சல். நல்ல செல் லைன் (ஒரே கேலஸிலிருந்து தொடர்ந்து வளர்த்துவரும் செல் வரிசை) சும்மா கிடைப்பதில்லை. நூற்றுக்கணக்கான கேலஸ் துண்டுகளில் ஒன்றிரண்டு அதிகமாக விளையும்; அதைப் பிடித்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை புது ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்ற மாற்ற விளைச்சல் சரியும் லைன்கள் ஏராளம். அதனால்தான் தொடக்கத்திலேயே கொஞ்சத்தை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். நடப்பது என்ன? திட்டம் மூன்றாண்டு. ஆய்வு மாணவர் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஷேக்கரில் கிடப்பதை மாற்ற ஆளில்லை, நைட்ரஜன் நிரப்ப நிதித் தலைப்பில்லை. சில மாதத்தில் எல்லாம் பழுத்து, கறுத்து, கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவுக்குப் போகும். அடுத்த திட்டம் அதே செடியில் மறுபடி விதை முளைக்கவைப்பதிலிருந்து தொடங்கும். அதற்கும் நீங்கள்தான் நிதி தருவீர்கள்.

ஆகவே அடுத்த அழைப்பின் படிவத்தில் ‘எதிர்பார்க்கும் உயர்வு எத்தனை மடங்கு’ என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு லிட்டருக்கு ஒரு நாளில் எத்தனை மில்லிகிராம், அதே லைனில் இருபது முறை மாற்றியபின் எத்தனை, 5 லிட்டர் கலனில் எத்தனை என்று கேளுங்கள். எண் குறைந்திருந்தாலும் மதிப்பெண் குறைக்க மாட்டோம் என்றும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பழையபடி மடங்குக் கணக்குதான் வரும். திட்டம் முடியும்போது செல் லைனை உறைநிலையில் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை என்று ஒரு விதி வையுங்கள். அதை வாங்கி வைக்க மாநிலத்துக்கு ஒரு செல் வங்கி, அதில் நிரந்தரச் சம்பளத்தில் ஓரிரு தொழில்நுட்பப் பணியாளர்கள். புதுக் கருவி கேட்டு வரும் முன்மொழிவுகளுக்கு முன்னால் இதைப் பரிசீலியுங்கள்.

இப்படிக்கு,
திசு வளர்ப்பு ஆய்வக உதவியாளர் ஒருவர்