கியோட்டோவில் அறை எடுக்கும் முன்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பின் ஜப்பான் பயணக் கட்டுரை, கியோட்டோவில் ரயில் நிலையத்தை ஒட்டியே ஹோட்டல் எடுக்கச் சொல்கிறது. பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அது சரி. என்னைப் போல நல்ல சாப்பாட்டுக்காகவே போகிறவர்களுக்குச் சரிப்படாது. கைசெகி என்னும் பாரம்பரிய ஜப்பானிய விருந்துக்குப் பேர்போன பழைய உணவகங்கள் பலவும் கியோன், பொந்தோச்சோ என்ற பழைய பகுதிகளின் பக்கம் இருக்கின்றன. ஷிஜோ-கவராமாச்சி சந்திப்பருகே அறை எடுத்தால், பொந்தோச்சோ சந்துக்கு நடந்தே போய்விடலாம். காமோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கியோன். கைசெகி அவசரமாக முடிகிற சாப்பாடு இல்லை. கிண்ணம் கிண்ணமாக, பருவத்துக்கு ஏற்றபடி வந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். அதற்கப்புறம் பஸ்ஸைத் தேடி யார் ஓடுவது? நடந்து வந்தால் சாப்பிட்டதும் செரிக்கும்.

இன்னொன்று, தெருப்பெயரோடு ஹோட்டலின் கன்சியர்ஜ் சேவையையும், அதாவது விருந்தினருக்காக முன்பதிவு போன்றவற்றைச் செய்துதரும் உதவியையும் பாருங்கள். கவுன்டரில் சில இருக்கைகளே உள்ள கடைகளில் சில, வெளிநாட்டவரிடம் ஹோட்டல் மூலம்தான் முன்பதிவு வாங்கும். எனவே பயணத்துக்கு முன்பே ஹோட்டலுக்கு எழுதிவிடுவது நல்லது. சைவம் என்றால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும். காய்கறிக் குழம்பாகத் தெரிவதில்கூட கட்சுவோ மீன் துருவலில் இறக்கிய தாஷி என்ற சாறு இருக்கும். மேசையில் உட்கார்ந்தபின் சொன்னால் பாவம், சமையல்காரரால் எதையும் மாற்ற முடியாது. முழுச் சைவத்துக்குக் கோயில் சமையலான ஷோஜின் ரியோரி உண்டு. கட்டுரையில் அதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

– வாசகர், திருச்சி